முதலில் தூண், பிறகு அனுமதி

தில்லியின் வசந்த் குஞ்சிலும் பெங்களூரின் அகரா ஏரிக்கரையிலும் ராட்சத வணிக வளாகங்களை எதிர்த்து அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். ஓரிடத்தில் தோல்வி, இன்னோரிடத்தில் பாதி வெற்றி. வித்தியாசம் சட்டப் புத்தகத்தில் இல்லை. எந்தக் கட்டத்தில் கடப்பாரை நிறுத்தப்பட்டது என்பதில் இருக்கிறது.

தில்லியின் நெல்சன் மண்டேலா சாலையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கார்கள் ஊர்ந்துதான் போகும். ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தை ஒட்டி வரும் இந்தச் சாலை வசந்த் குஞ்சை எட்டும் இடத்தில் எம்போரியோ, பிராமனாட், ஆம்பியன்ஸ் என்று மூன்று மால்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. உள்ளே பளிங்குத் தரை, வெளிநாட்டு ஜவுளி, குளுகுளு காற்று. 2008-ல் தொடங்கி ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்ட இவை இன்று தலைநகரின் ஆடம்பரத்துக்கு அடையாளம்.

அங்கிருந்து சில நிமிட தூரத்தில் இருக்கிறது வசந்த் குஞ்ச் குடியிருப்பு. 1980-களின் கடைசியில் தில்லி வளர்ச்சி ஆணையம் (ஊரார் வாயில் டி.டி.ஏ.) கட்டி விற்ற அடுக்குமாடி வீடுகள். அரசு ஊழியர்கள், பேராசிரியர்கள், ஓய்வு பெற்ற ராணுவத்தினர் எனச் சேமிப்பை எல்லாம் போட்டு வீடு வாங்கியவர்களின் பேட்டை. இவர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. மொட்டை மாடிகளில் வரிசையாகத் தண்ணீர்த் தொட்டிகள். கோடை வந்தால் லாரித் தண்ணீருக்குக் காத்திருப்பது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல.

குழாயில் தண்ணீர் வராத இடத்தில் பல அடுக்கு மால்களுக்கு எங்கிருந்து தண்ணீர் வரும்? வசந்த் குஞ்ச்வாசிகள் கேட்ட முதல் கேள்வி இவ்வளவுதான். அந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே கிடைத்த பதில் இன்றும் நாட்டின் நகரங்களில் வீட்டுக்குப் பக்கத்தில் பள்ளம் தோண்டப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒவ்வொருவரையும் பாதிக்கிறது.

மழையைக் குடித்த பாறை

தில்லியில் மலை ஏது என்று கேட்பவர்கள் ஆர்.கே. புரத்து மலை மந்திருக்குப் போனதில்லை என்று அர்த்தம். தில்லித் தமிழர்கள் சுவாமிநாதனைக் குடிவைத்த அந்தக் குன்றைப் போன்ற பாறைமேடுகள் தெற்கு தில்லியில் பல. குஜராத்தில் தொடங்கி ராஜஸ்தான், ஹரியானா வழியாக வரும் ஆரவல்லி மலைத்தொடர், வடக்கே தலை சாய்க்கும் இடம் தில்லி. இந்தப் பாறை முதுகுக்கு தில்லிக்காரர்கள் வைத்த பெயர் ரிட்ஜ்.

பார்ப்பதற்கு ரிட்ஜில் கண்ணைக் கவரும் காடு எதுவும் இல்லை. ராமநாதபுரத்துக்காரர்கள் பார்த்தால் சொந்த ஊருக்கு வந்துவிட்டது போலிருக்கும். பெரும்பகுதி சீமைக் கருவேலம்தான். இங்கே அதன் பெயர் விலாயதி கீகர். நடுவே கல்லும் மண்ணும் வெட்டி எடுத்த பழைய குவாரிப் பள்ளங்கள். மழைக்காலத்தில் அவை குளங்களாக மாறும்.

ரிட்ஜின் மதிப்பு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. விரிசல் விட்ட கடினப் பாறை வழியாக மழைநீர் உள்ளே இறங்குகிறது. அந்தப் பள்ளங்களும் தண்ணீரைத் தேக்கி நிலத்துக்குள் அனுப்புகின்றன. சுற்றிலும் தார்ச்சாலையும் சிமெண்டுமாகிவிட்ட நகரத்தில் நிலத்தடி நீர் ஊற மிச்சமிருக்கும் சில இடங்களில் இது ஒன்று. தெற்கு தில்லியில் நிலத்தடி நீர் மட்டம் சரிந்துகொண்டே போனதால், மத்திய நிலத்தடி நீர் ஆணையம் 2000-ம் ஆண்டிலேயே அதைக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்திருந்தது.

இதையெல்லாம் அரசும் அறியும். 1994 மே மாதம் ரிட்ஜில் 7,777 ஹெக்டேரை காப்புக்காடாக அறிவிக்கும் முதல் படியை தில்லி நிர்வாகம் எடுத்தது. ஆனால் காகிதத்தில் கோடு போட்டவர்களின் பேனா எங்கே திரும்பியதோ அங்கே காடு முடிந்தது. அதே பாறை, அதே கருவேலம், அதே பள்ளங்கள் தொடர்ந்தாலும் கோட்டுக்கு வெளியே இருந்தது வெறும் நிலம். வசந்த் குஞ்சை ஒட்டிய நிலம் கோட்டுக்கு வெளியே இருந்தது. அதன் சொந்தக்காரர் டி.டி.ஏ.

ஓட்டல் போய் மால் வந்தது

சண்டை மால்களோடு தொடங்கவில்லை. 1990-களின் நடுவிலேயே இங்கே 315 ஹெக்டேரில் சர்வதேச ஓட்டல் வளாகம் ஒன்றைக் கட்ட டி.டி.ஏ. திட்டமிட்டிருந்தது. குடியிருப்புவாசிகளும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் கொடி பிடித்தார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996-ல் நீதிமன்றம் 223 ஹெக்டேரில் கை வைக்கக் கூடாது என்று தடுத்தது. மீதி 92 ஹெக்டேர் திறந்தே இருந்தது. எட்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை, அந்த 92 ஹெக்டேருக்குள் வணிக வளாகங்களுக்கான மனைகள் ஏலத்துக்கு வந்தன.

இங்கே டி.டி.ஏ.யின் பாத்திரத்தைக் கவனிக்க வேண்டும். தில்லி நகருக்கு மாஸ்டர் பிளான் போடுவது அதுதான். எந்த நிலம் எதற்கு என்று தீர்மானிப்பதும் அதுதான். நிலத்தின் உடைமையாளரும் அதுவே, ஏலம் போட்டுக் காசு பார்ப்பதும் அதுவே. ரிட்ஜைக் காப்பாற்றும் பொறுப்பிலும் அதற்குப் பங்கு உண்டு. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

இன்னொரு பக்கம் சட்டம் இறுகிக்கொண்டிருந்தது. தொழிற்சாலைகளுக்கும் அணைகளுக்கும் 1994 முதலே சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவை. 2004 ஜூலை 7-ம் தேதி மத்திய அரசு அதை பெரிய கட்டுமானங்களுக்கும் நீட்டியது. ரூ. 50 கோடிக்கு மேல் முதலீடு, அல்லது ஆயிரம் பேருக்கு மேல் புழங்கும் இடம், அல்லது நாளொன்றுக்கு 50,000 லிட்டருக்கு மேல் கழிவுநீர் என்றால் மண்வெட்டி நிலத்தில் படும் முன் அனுமதி வாங்கியாக வேண்டும். வசந்த் குஞ்சின் மால்கள் எந்த அளவுகோலில் பார்த்தாலும் இதற்குள் அடங்கும். ஆனால் அனுமதி வருவதற்கு முன்பே அங்கே வேலை தொடங்கிவிட்டது.

ரிட்ஜ் பச்சாவ் ஆந்தோலன் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. எந்த வழக்கின் கீழ் என்பதில் தமிழ் வாசகர்களுக்கு ஒரு செய்தி உண்டு. நீலகிரி மாவட்டம் கூடலூரில் காடு அழிவதைப் பார்த்துப் பொறுக்காமல் நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் தொடுத்த வழக்கு அது. 1996 டிசம்பர் 12-ம் தேதி அந்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம், அரசின் ஏட்டில் என்ன எழுதியிருந்தாலும் அகராதி காடு என்று சொல்வதெல்லாம் காடே என்று தீர்ப்பளித்தது. நாடெங்கும் மரம் வெட்டும் ரம்பங்கள் ஒரே நாளில் நின்றன. அதன் பிறகு காட்டைப் பற்றிய ஆயிரக்கணக்கான மனுக்கள் அந்த ஒரே வழக்கு எண்ணின் கீழ் விசாரிக்கப்பட்டன. கூடலூர்க் காட்டைக் காக்கப் பிறந்த வழக்கின் கீழேதான் வசந்த் குஞ்ச் மால்களின் தலைவிதியும் எழுதப்பட்டது.

வெள்ளம் தலைக்கு மேலே

வழக்கு முற்றியபோது கட்டடங்கள் எழும்பியிருந்தன. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அமைத்த நிபுணர் குழு நேரில் போய்ப் பார்த்தது. இந்த இடத்தில் பெரிய வணிக வளாகங்களை அமைப்பது சுற்றுச்சூழல் நோக்கில் சரியல்ல என்று குழு ஒப்புக்கொண்டது. டி.டி.ஏ. இன்னும் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் வேலை இவ்வளவு தூரம் நடந்துவிட்டது, பணம் இறங்கிவிட்டது என்பதால் நிபந்தனைகளோடு விட்டுவிடலாம் என்பது அதன் முடிவு. வெள்ளம் தலைக்கு மேல் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்ற கதைதான்.

2006 அக்டோபர் 17-ம் தேதி உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. ஏலத்தில் எடுத்தவர்களுக்கு டி.டி.ஏ. தேவையான அனுமதிகளைப் பெறவில்லை என்பது தெரிந்திருந்தால் இவ்வளவு பெருந்தொகையைக் கொட்டியிருக்க மாட்டார்கள் என்று நீதிமன்றம் கருதியது. அனுமதியில்லாத கட்டடம் என்றால் இடிப்பது ஒன்றே வழி என்ற வாதம் இந்த வழக்குக்குப் பொருந்தாது என்றும் சொன்னது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, இதில் சம்பந்தப்பட்டவர்கள் பெரிய நிறுவனங்கள், அனுமதி பெறுவதில் அவர்கள் முறைகேடு செய்தார்கள் என்ற கேள்விக்கே இடமில்லை என்பது.

வசந்த் குஞ்ச்வாசிகள் தோற்றது நிலத்தடி நீர் பற்றிய வாதத்தில் அல்ல. அதில் அவர்கள் சொன்னதற்குப் பக்கத்தில்தான் நிபுணர் குழுவும் வந்து நின்றது. அவர்கள் தோற்றது காலண்டரிடம்.

இந்தத் தீர்ப்பு வந்த ஆண்டின் மற்ற பக்கங்களையும் புரட்டிப் பார்க்க வேண்டும். அதே 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தில்லியின் குடியிருப்புப் பகுதிகளில் விதிகளை மீறி நடக்கும் கடைகளைப் பூட்டி சீல் வைக்க உத்தரவிட்டிருந்தது. தையல் கடை, மளிகைக் கடை, டியூஷன் சென்டர் என்று ஊரே ஆடிப்போனது. செப்டம்பரில் சீலம்பூரில் எதிர்ப்பு கலவரமாகி உயிர்கள் போயின. யமுனைக்கரையில், பிரகதி மைதானத்துக்கு அருகே இருந்த நங்லா மாச்சி குடிசைப் பகுதி அதே ஆண்டில் புல்டோசர்களுக்கு இரையானது. அங்கேயும் மக்கள் பல வருடச் சம்பாத்தியத்தைச் செங்கல்லாக மாற்றித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் போட்ட பணம் வீணாகிவிடும் என்ற வாதம் அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை.

கண்ணாடியில் தெரியும் முகம்

இந்த ஒப்பீடு குடியிருப்பு நலச் சங்கங்களையும் சங்கடப்படுத்தக் கூடியது. வசந்த் குஞ்ச் வீடுகள் எங்கே நிற்கின்றன? மசூத்பூர், கிஷன்கட் போன்ற கிராமங்களின் நிலத்தில், அதே ஆரவல்லியின் மடியில். மால் வந்தால் தண்ணீர் போய்விடும் என்பது உண்மையென்றால், அடுக்குமாடிகள் வந்தபோதும் கொஞ்சம் போயிருக்கும். நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின் பசுமை ஆர்வம் பல சமயம் ஏழைகளின் குடிசைகளை அப்புறப்படுத்தும் கோரிக்கையாக முடிவதை சமூகவியலாளர் அமிதா பாவிஸ்கர் போன்றவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

எதிர்ப்புக்குப் பின்னே சுயநலமும் இருக்கலாம். நெரிசல், இரைச்சல், வாசலில் அந்நியர்களின் கார் என்ற எரிச்சல்களும் சேர்ந்துதான் ஒரு போராட்டம் பிறக்கிறது. தாமதமாக வந்தவன் கதவைச் சாத்துகிறான் என்று பில்டர்கள் கேலி செய்வதில் ஒரு துளி நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கேலியை அப்படியே ஏற்றால் எந்த நிலத்தையும் யாரும் காப்பாற்ற முடியாது. நேற்று வீடு கட்டியதில் தவறு இருந்திருந்தால், இன்று அதைவிடப் பெரிய தவறைச் செய்ய அது லைசென்ஸ் ஆகிவிடாது. மேலும் பாறைக்குள் ஊறும் தண்ணீர் குடிசை, ஃபிளாட் என்று பார்த்து ஊறுவதில்லை. லாரித் தண்ணீருக்கு முதலில் தவிப்பதும் வாங்க வசதியில்லாதவர்கள்தான்.

பெங்களூர்: தோண்டும்போதே நிறுத்தியவர்கள்

வசந்த் குஞ்ச் தீர்ப்புக்குச் சரியாக ஒன்பது ஆண்டுகள்கூட ஆகாத நிலையில் பெங்களூரில் இதே கதை வேறு விதமாகத் திரும்பியது.

தஞ்சை, சிவகங்கைக்காரர்களுக்கு பெங்களூரின் ஏரிகளை விளக்கத் தேவையில்லை. மேட்டிலிருக்கும் ஏரி நிரம்பி மறுகால் பாய்ந்து அடுத்த ஏரிக்குப் போகும் சங்கிலித் தொடர் நம்மூரில் உண்டு. அங்கே இந்த வாய்க்கால்களுக்கு ராஜகாலுவே என்று பெயர். கோரமங்களாவுக்குப் பக்கத்தில் அகரா ஏரி, அதன் உபரி நீர் போய்ச் சேரும் பெல்லந்தூர் ஏரி. இரண்டுக்கும் நடுவே இருந்த ஈரநிலம், மழைக்காலத்தில் தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடும் பஞ்சு.

அந்தப் பஞ்சின் மேல், கர்நாடக தொழிற்பகுதி வளர்ச்சி வாரியம் ஒதுக்கிய நிலத்தில், மந்திரி டெக்ஸோன், கோர் மைண்ட் ஆகிய இரு நிறுவனங்கள் திட்டமிட்டன. ஐ.டி. அலுவலகங்கள், குடியிருப்பு, கடைகள், ஓட்டல் என்று எல்லாம் சேர்ந்த பிரம்மாண்ட வளாகம். 2012, 2013-ம் ஆண்டுகளில் சுற்றுச்சூழல் அனுமதியும் வாங்கிவிட்டார்கள். அதாவது தில்லியில் இல்லாத காகிதம் இங்கே இருந்தது. ஆனால் காகிதத்தில் இருந்ததும் களத்தில் நடந்ததும் ஒன்றாக இல்லை என்று ஃபார்வர்ட் ஃபவுண்டேஷன் உள்ளிட்ட அமைப்புகள் 2014-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போயின.

வழக்கு காலம் கடந்து வந்தது, தள்ளுபடி செய்ய வேண்டும் என்பது நிறுவனங்களின் வாதங்களில் ஒன்று. தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. ராஜகாலுவேக்களுக்கும் ஈரநிலத்துக்கும் சேதம் நேர்ந்திருப்பதாகக் கண்ட தீர்ப்பாயம், 2015 மே 7-ம் தேதி ஒரு நிறுவனத்துக்கு ரூ. 117.35 கோடியும் மற்றதற்கு ரூ. 22.5 கோடியும் சுற்றுச்சூழல் இழப்பீடாக விதித்தது. திட்டச் செலவில் 5 சதவீதம் என்பது கணக்கு. வேலையும் நின்றது. அந்த மாதமே பெல்லந்தூர் ஏரியில் நுரை பொங்கித் தீப்பிடித்த காட்சியை நாடே பார்த்தது. பஞ்சை எடுத்துவிட்டால் ஏரி என்ன ஆகும் என்று விளக்க வக்கீல்கள் தேவைப்படவில்லை.

2016 மே 4-ம் தேதி தீர்ப்பாயம் இன்னொரு படி மேலே போனது. இரண்டாவது நிறுவனத்தின் தொகையை ரூ. 13.5 கோடியாகக் குறைத்தாலும், பெங்களூர் நகரத்தின் ஏரிகள் அனைத்தையும் சுற்றி 75 மீட்டருக்கு எந்தக் கட்டுமானமும் கூடாது என்றது. மாஸ்டர் பிளானில் இருந்தது 30 மீட்டர்தான். ஏரிப் பாதுகாவலர்கள் கொண்டாடினார்கள். பில்டர்களோடு, ஏரியைப் பார்த்த ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தவர்களும் திகைத்தார்கள்.

கொண்டாட்டம் மூன்று ஆண்டுகள் நீடித்தது. 2019 மார்ச் 5-ம் தேதி உச்ச நீதிமன்றம் 75 மீட்டர் உத்தரவை ரத்து செய்தது. சட்டப்படி வகுத்த மாஸ்டர் பிளானைத் திருத்தி எழுதத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமில்லை என்பது காரணம். ஊருக்கெல்லாம் கிடைத்த பாதுகாப்பு போனது. ஆனால் அகரா ஈரநிலத்தில் பிடிபட்ட மீறல்கள் மீறல்கள்தான் என்பது போகவில்லை.

தில்லிக்கும் பெங்களூருக்கும் என்ன வித்தியாசம்? பெங்களூரில் விசாரிக்க ஒரு சிறப்புத் தீர்ப்பாயம் இருந்தது. 2006-ல் அது பிறக்கவே இல்லை. ஆனால் அதைவிட முக்கியம், இங்கே வழக்கு வந்தபோது பெரும்பாலும் பள்ளம்தான் இருந்தது, மாடிகள் இல்லை. பள்ளத்தை மூடச் சொல்வது நீதிமன்றத்துக்கு எளிது. பளிங்கு பதித்த ஆறு மாடியை இடிக்கச் சொல்ல எந்த நீதிபதிக்கும் கை நடுங்கும்.

பின்தேதியிட்ட மன்னிப்பு

வசந்த் குஞ்ச் தீர்ப்பு விட்டுச் சென்ற கேள்வி இதுதான்: முன் அனுமதி என்று சட்டம் சொல்வதைக் கட்டிய பிறகு வாங்கிக்கொள்ளலாமா? இதற்கு நாடு இன்றுவரை ஒரே பதிலைச் சொன்னதில்லை.

2017 மார்ச் 14-ம் தேதி மத்திய அரசு, அனுமதி இல்லாமல் தொடங்கிவிட்ட திட்டங்கள் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்து நேர்செய்துகொள்ளலாம் என்று வாசலைத் திறந்தது. ஒரு முறைக்கான சலுகை என்று பேர். அதே ஆண்டு ஆகஸ்டிலும், மீண்டும் 2020 ஏப்ரலிலும் உச்ச நீதிமன்றம் வெவ்வேறு வழக்குகளில் பின்தேதியிட்ட அனுமதி சுற்றுச்சூழல் சட்டத்துக்கே அந்நியமானது என்று சொன்னது. 2021 ஜூலையில் அரசு ஓர் அலுவலகக் குறிப்பாணை மூலம் அதே வாசலை மறுபடி திறந்தது. 2025 மே 16-ம் தேதி, வனசக்தி என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் அடித்து நொறுக்கியது. இனி பின் அனுமதி இல்லை என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

அந்தப் பெருமூச்சுக்கு ஆயுள் ஆறு மாதம். கட்டுமான நிறுவனங்களின் கூட்டமைப்பு மறுஆய்வு கேட்டது. 2025 நவம்பர் 18-ம் தேதி மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில், மே மாதத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. கட்டி முடித்தவற்றை இடித்தால் பெருந்தொகை வீணாகும் என்ற கவலை அங்கேயும் எழுந்தது. மே தீர்ப்பை அளித்த இருவரில் ஒருவரான நீதிபதி உஜ்ஜல் புயான் இதில் மாறுபட்டார். 2006-ல் வசந்த் குஞ்சில் ஒலித்த அதே வாதம் பத்தொன்பது ஆண்டுகள் கழித்தும் தேய்ந்து போகவில்லை.

பில்டரின் கணக்கு இதில் மிக எளிது. அனுமதிக்குக் காத்திருந்தால் வட்டி ஓடும். காத்திராமல் கட்டினால் வழக்கு வரலாம், அபராதம் வரலாம், ஆனால் கட்டடம் நிற்கும். போட்ட பணமே பாதுகாப்பு என்றால், சீக்கிரமாகவும் அதிகமாகவும் பணத்தைப் போடுவதுதான் புத்திசாலித்தனம் ஆகிறது.

பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்பதில்லை

இந்த ஓட்டப்பந்தயத்தில் குடியிருப்பவர் பின்தங்குவதற்கு இன்னொரு காரணமும் சட்டத்திலேயே இருக்கிறது. சுரங்கமோ அனல்மின் நிலையமோ வந்தால் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 2006 செப்டம்பர் 14-ம் தேதி வந்த சுற்றுச்சூழல் அறிவிக்கை, கட்டடங்களுக்கும் டவுன்ஷிப்களுக்கும் அதிலிருந்து விலக்கு அளித்தது. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் அனுமதி வேண்டும், ஆனால் அடுத்த தெருவில் இருப்பவரைக் கேட்க வேண்டியதில்லை. சேதி அவருக்குப் பெரும்பாலும் தகர வேலி எழும்பும்போதுதான் தெரிகிறது.

கடிகாரம் அதற்கு முன்பே ஓடத் தொடங்கியிருக்கும். அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்கு மேல் கதவு மூடிவிடும். சங்கத்தைக் கூட்டி, சந்தா வசூலித்து, வக்கீலைப் பிடித்து, ஆவணங்களைத் தேடி முடிப்பதற்குள் தொண்ணூறு நாள் பறந்துவிடுகிறது.

வசந்த் குஞ்சும் அகராவும் சேர்ந்து கற்றுத்தருவது இதையே. போராட்டத்தைத் தொடங்க வேண்டிய இடம் தகர வேலி அல்ல, அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முந்தைய ஒரு செய்தித்தாள் விளம்பரம். எந்த நகரத்திலும் மாஸ்டர் பிளானில் நில உபயோகத்தை மாற்றுவதென்றால் பொது அறிவிப்பு கொடுத்து ஆட்சேபம் கேட்க வேண்டும். தில்லியில் 1957-ம் வருட டி.டி.ஏ. சட்டமே அப்படிச் சொல்கிறது. பொடி எழுத்தில் வரும் அந்த அறிவிப்பைத்தான் யாரும் படிப்பதில்லை. பச்சை நிறமாக இருந்த மனை வரைபடத்தில் வணிக நிறமாக மாறும் அந்த நாளில் ஒரு கடிதம் செய்யும் வேலையை, பிறகு பத்து வக்கீல்களும் செய்ய முடிவதில்லை.

இப்போது சில கருவிகள் எளிதாகியிருக்கின்றன. 2005 முதல் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. ரூ. 10 கட்டி ஏலக் கோப்பையும் அனுமதிக் கடிதத்தையும் கேட்கலாம். சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்கள் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் வெளியாகின்றன. விண்ணப்பத்தில் நிறுவனம் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று எழுதியாக வேண்டும், பக்கத்தில் உள்ள ஏரி, ஓடையைக் காட்டியாக வேண்டும். அங்கே பல ஆண்டுகள் குடியிருப்பவருக்கு அதில் எது பொய் என்று கண்டுபிடிக்க நிபுணர் குழு தேவையில்லை. ஓடை எங்கே ஓடியது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அந்த ஞானம் பள்ளம் தோண்டும் முன் கோப்புக்குள் போக வேண்டும்.

தில்லியில் முழுத் தோல்வி என்றும் சொல்லிவிட முடியாது. 1996-ல் கட்டடங்கள் வரும் முன்பே தடுக்கப்பட்ட 223 ஹெக்டேர் கையை விட்டுப் போகவில்லை. வசந்த் விஹாரை ஒட்டிய பழைய குவாரி நிலத்தில் தில்லிப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளின் துணையோடு ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்கா உருவானது. சீமைக் கருவேலத்தை அகற்றிவிட்டு ஆரவல்லியின் சொந்த மரங்களை அங்கே வளர்த்திருக்கிறார்கள். மயில்களும் நரிகளும் திரும்பியிருக்கின்றன. மழை பெய்தால் பள்ளங்கள் நிரம்புகின்றன.

பூங்காவிலிருந்து மால்களுக்குக் கூப்பிடு தூரம். கீழே இருப்பது ஒரே பாறை. ஓரிடத்தில் மழை உள்ளே இறங்குகிறது, மற்ற இடத்தில் கார் நிறுத்துமிடத்துக் குழாய் வழியாக வெளியேறுகிறது. முன்னதில் ஆட்சேபம் கட்டடத்துக்கு முன்னால் வந்தது. பின்னதில் கட்டடம் முந்திக்கொண்டது.